பெயர் எழுதாத தொட்டி

மீன் திரும்பிக்கொண்டது. இவ்வளவு நேரம் பக்கவாட்டில் நின்று உடம்பை முழுசாகக் காட்டிக்கொண்டிருந்துவிட்டு, கிதியோன் குனிந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிய நேரம் பார்த்து, இந்தா இதைப் பார்த்துக்கோ என்று வாலைக் காட்டித் திரும்பிக்கொண்டது. திரும்பு ராசா, திரும்புடா செல்லம் என்று கடைக்கு வருகிற அக்காக்களின் குரலில் கொஞ்சிப் பார்த்தான், பிறகு பி.டி. வாத்தியாரின் குரலில் அபவுட் டர்ன் என்று அதட்டிப் பார்த்தான், பிறகு பாஸ்டரின் குரலில், பிரியமான மீனே, இந்த மத்தியான வேளையிலே உம்முடைய முகத்தை எங்கள் பக்கமாய்க் கொஞ்சம் திருப்பும் என்று கண்ணை மூடி ஜெபம் செய்தும் பார்த்தான். மீனுக்குக் காது கேட்குமா என்பது இரண்டாவது கேள்வி, முதல் கேள்வி இது என்ன மீன் என்பது, அதற்கு நாலு மணிக்குள் பதில் வேண்டும், இப்போதே மூன்றைத் தாண்டிவிட்டது. நாலு விரல் நீளம். களிமண்ணும் சாம்பலும் கலந்த ஒரு நிறம், அதை நிறம் என்று சொன்னால் நிறத்துக்குக் கேவலம். குறுக்கே பட்டை பட்டையாக ஏதோ இருக்கிறது, இருக்கிறதா, இருக்கிறது, துவைத்துத் துவைத்து வெளுத்த லுங்கியில் கட்டம் இருக்கிற மாதிரி. காலையில் செங்குன்றம் பண்ணையிலிருந்து வந்த கவர்களை அவிழ்த்துக் கொட்டும்போது அத்தனை மஞ்சள் மீன்களுக்கு நடுவே இது ஒன்று மட்டும் இப்படி இருந்தது, அப்பா அதை வலையில் தூக்கி வெளிச்சத்தில் காட்டி உதட்டைப் பிதுக்கிவிட்டு, காலியாகக் கிடந்த கடைசி வரிசைத் தொட்டியில் தனியாக விட்டார். கொளத்தூரில் பெயர் எழுதாத தொட்டி என்று ஒன்று எந்த வளர்ப்பு மீன் கடையிலும் இருக்காது, பெயர் தெரியாவிட்டால் ஏதாவது ஒன்றை வைத்து எழுதிவிடுவார்கள், அப்பாவும் அப்படி எத்தனையோ மீனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்தான். ஆனால் காலையில் மார்க்கரைக் கையில் எடுத்தவர் மூடியைக் கழற்றாமலே சட்டைப் பையில் திரும்பப் போட்டுக்கொண்டு, நாலு மணிக்கு ஜேபஸ் போன் பண்ணுவான் இல்ல, அவன் சொல்லட்டும், அவன் சொன்னாத்தான் எழுதுவேன் என்றார். ஜேபஸ் கிதியோனின் அண்ணன். அப்பாவிடம் அறை வாங்கிக்கொண்டு பெங்களூருக்குப் போனவன், போனதிலிருந்து அப்பாவுக்கு ஒரு தடவைகூடப் போன் பண்ணாதவன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு மணிக்கு அப்பாவைக் கூப்பிட்டு, ஜேபஸ் பேசுறேம்ப்பா என்று சொல்வது கிதியோன்.

அது விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. கிதியோனின் தொண்டைக்குள் ஒரு தெருவே குடியிருந்தது, ரேஷன் கடைக்காரர் இருந்தார், மெட்ரோ ரயிலில் அடுத்த நிலையம் சொல்கிற பெண் இருந்தாள், தலைமையாசிரியர் தன் அத்தனை இருமல்களோடும் இருந்தார், பக்கத்து வீட்டம்மாவின் குரலில் இன்னிக்கி பால் வேணாம்பா என்று பால்காரரைத் திருப்பி அனுப்பியதில் அந்தம்மாவும் பால்காரரும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, குக்கர் மாதிரி விசில் அடித்து அம்மாவை அடுப்பை அணைக்க வைத்து வீடே அரைவேக்காட்டுச் சோறு தின்றதும் உண்டு. போன வருஷம் குரல் உடைந்தபோது தெருவே காலியாகிவிட்டதோ என்று பயந்தான், கொஞ்ச நாளைக்கு வாயைத் திறந்தால் தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம், அப்புறம் ஒரு நாள் குளியலறையில் சோப்பு நுரையோடு நின்று தண்ணி நின்னுபோச்சு என்று கத்தினான், அம்மா கையில் கரண்டியோடு ஓடிவந்து, ஜேபஸு, எப்படா வந்த என்று கதவைத் தட்டினாள். கதவுக்கு உள்ளே அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மற்ற குரல்களுக்கெல்லாம் தொண்டையை இறுக்க வேண்டும், மூக்கை அடைக்க வேண்டும், நாக்கை மடிக்க வேண்டும், இதற்கு ஒன்றுமே செய்ய வேண்டாம், கொஞ்சம் சலித்துக்கொண்டு பேசினால் போதும், அண்ணன். அந்த வாரமே போனில் இரண்டாவது சிம் போட்டான். மொட்டைமாடிக்குப் போய், கீழே கடையில் உட்கார்ந்திருக்கிற அப்பாவைக் கூப்பிட்டு, சாயம் போகாத மீன் ஏதாச்சும் கெடைக்குமா சார் என்று அண்ணன் குரலில் வம்பிழுத்து, அப்பா வாயிலிருந்து வருகிற வசவுகளைக் காது குளிரக் கேட்டுவிட்டு, நான்தாம்ப்பா கிதி என்று சிரித்து வைத்துவிடுவது, திட்டம் அவ்வளவுதான். அப்பா என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். அந்தப் பக்கம் ஏர் மோட்டாரின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அப்பா மூச்சை உள்ளே இழுத்தார், இழுத்த மூச்சு உடனே வெளியே வரவில்லை, வந்தபோது நடுவில் எங்கேயோ மாட்டிக்கொண்டு துண்டு துண்டாக வந்தது. அப்பாவுடைய இருமல், கொட்டாவி, ஏப்பம், பொய் சொல்வதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவது எல்லாம் கிதியோனுக்கு அத்துப்படி, இந்தச் சத்தம் மட்டும் அவனிடம் இல்லை. சாப்ட்டியாடா என்றார் அப்பா. சாப்ட்டேம்ப்பா என்றான். வேறு என்ன சொல்ல முடியும், நீயே சொல்லு என்று இப்போது மீனைக் கேட்டான், மீன் வாலை மட்டும் ஒரு தடவை ஆட்டியது.

சரி, வேலையைப் பார். அந்தப் பண்ணை அனுப்புவது சிக்லிட் என்கிற வகை, போனில் தேடினால் சிக்லிட் மீன்கள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கின்றன, கல்யாண ஆல்பத்தில் நிற்கிற மாதிரி, ஊதா முகமும் ஆரஞ்சு நெஞ்சுமாக, ஒவ்வொன்றும் இப்போதுதான் பியூட்டி பார்லரிலிருந்து வந்த மினுமினுப்பு. முகம் கழுவாமல் காலையில் எழுந்து வந்த சிக்லிட்டை ஒருத்தனும் படம் எடுத்துப் போடவில்லை. பட்டை இருந்தால் இன்ன மீன் என்று மேலே சொல்கிறார்கள், பயந்தால் எல்லா மீனுக்கும் பட்டை வரும் என்று அதே பக்கத்தில் கீழே சொல்கிறார்கள். சந்தோஷத்துக்கு ஒரு நிறம், கோபத்துக்கு ஒரு நிறம், தன்னைவிடப் பெரிய ஆண் தொட்டியில் இருந்தால் நிறத்தையெல்லாம் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு, நான் ஒண்ணுமில்லீங்க, பொம்பள மீனுங்க என்று ஓரமாக நிற்குமாம். அட, நம்ம கட்சியாடா நீ. அண்ணன் இதைத்தான் சொல்லிக்கொண்டே இருப்பான், நெறத்தப் பாக்காத, ஒடம்பப் பாரு, நெறம் மீனு சொல்ற கத, ஒடம்புதான் மீனு. கிதியோன் அப்போது அண்ணன் சொன்னதைக் கேட்கவில்லை, சொன்ன விதத்தைத்தான் கேட்டான், ‘ஒடம்பு’ மேல் விழுகிற அழுத்தம், முடிக்கும்போது மூக்கை உறிஞ்சுவது, அதெல்லாம் அப்படியே பத்திரமாக இருக்கிறது, உடம்பில் எங்கே பார்க்கச் சொன்னான் என்பதுதான் காணாமல் போய்விட்டது. மூக்குத் துவாரம் என்றான். பக்கத்துக்கு இரண்டு இருந்தால் வேறு மீன், ஒன்று என்றால் சிக்லிட். ஒன்றுதான் இருக்கிறது, நல்லது, சிக்லிட், இது இந்தத் தெருவில் பஞ்சர் ஒட்டுகிறவருக்கும் தெரியும். முதுகுத் துடுப்பில் பின்பக்கம் கறுப்பாக ஒரு பொட்டு இருந்தால் என்று ஏதோ சொன்னான். இருந்தால் என்ன. ஜிலேபி. ஆமாம், குஞ்சில் ஜிலேபிக் கெண்டைக்கு அந்தப் பொட்டு இருக்கும், ஜிலேபியும் சிக்லிட்தான்டா, தொட்டில விட்டா சிக்லிட், கொழம்புல விட்டா ஜிலேபி என்பான். அப்படியென்றால் பொட்டு இருக்கிறதா பார். துடுப்பை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. விரி. விரிடா டேய். விரித்தது, ஒரே நொடி, அதற்குள் ஒரு குமிழி குறுக்கே ஏறிப் போய்விட்டது, இருந்ததா, கறுப்பாக எதுவோ இருந்தது, அது பொட்டா நிழலா, மறுபடியும் மடித்துக்கொண்டது. ஜிலேபி என்று நாலு மணிக்குச் சொல்லிவிடலாமா. சொன்னால் அப்பா மீன்காரம்மாவின் கூடையில் கிடக்கிற ஜிலேபியைப் பார்க்காதவரா, ஏன்டா, ஜிலேபி எனக்குத் தெரியாதா என்று கேட்டால். பீக்காக் என்று சொல்லலாமா, அதுவும் சிக்லிட்தான், பீக்காக்கில் பொம்பள மீன் இப்படித்தான் சாம்பலாக இருக்கும், ஆனால் சாம்பலாக இருப்பதெல்லாம் பீக்காக்கா, கடைப் பூனைகூடச் சாம்பல்தான்.

முன்னால் கல்லாவுக்குப் பக்கத்தில் அப்பா நாற்காலியில் சாய்ந்து தினசரியை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார், மூச்சு விடும்போதெல்லாம் பேப்பர் ஏறி இறங்கியது. அந்தக் குறட்டை கிதியோனுக்கு வரும், விசிலில் ஆரம்பித்துத் தவளையில் முடிவது, ஆனால் இப்போது செய்து பார்க்கத் தோன்றவில்லை. ஈரத் தரையிலிருந்து பாசி வாடையும் மீன் தீனி வாடையும் எழுந்து தொண்டையில் உட்கார்ந்தது. அண்ணன் அறை வாங்கியது இதே இடத்தில்தான், இந்தத் தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் நடுவில். தீனியில் மருந்து கலந்து நிறம் ஏற்றிய மீன்கள் வந்திருந்த வாரம் அது, விரல் நீளக் குஞ்செல்லாம் மாப்பிள்ளை மாதிரி நீலமாக நின்றது, யாரோ ஒரு டீச்சர் கேட்க, ஒரிஜினல் மேடம், நெறம் கூடுமே ஒழியக் கொறையாது என்று அப்பா தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னார், ஃபில்டர் கழுவிக்கொண்டிருந்த அண்ணன் தலையைக்கூடத் தூக்காமல், மருந்து நெறம் மேடம், கொஞ்ச நாள்ல வெளுத்துடும் என்றான். அப்பாவின் கை எழுந்ததைக் கிதியோன் பார்க்கவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டான். எந்தச் சத்தம் கேட்டாலும் அன்றைக்கே யாருக்காவது செய்து காட்டுகிறவன் அதை இன்றுவரை யாருக்கும் செய்து காட்டியதில்லை. அண்ணன் வலையைப் பக்கெட்டில் போட்டுவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனான், டீச்சர் அடுத்து, மீனை வாங்காமலே. அதற்கு அப்புறம்தான் அண்ணன் அம்மாவோடு மட்டும் புதன்கிழமைகளில் பேசுவது, அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது என்று அம்மாவுக்கு அவன் கட்டளை. நான் பேசுறத அம்மாகிட்ட சொல்லாதப்பா, அழுவாங்க என்று கிதியோனின் ஜேபஸ் அப்பாவுக்குக் கட்டளை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மகனை முந்தானையிலும் சட்டைப் பையிலும் ஒளித்துவைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், அம்மா முகம் புதன்கிழமை தெளிகிறது, அப்பா முகம் ஞாயிற்றுக்கிழமை தெளிகிறது, இவ்வளவு பெரிய விளையாட்டைத் தனியாக நடத்துகிறவன் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க வேண்டும், ஆரம்பத்தில் சிரித்தான்.

கிதியோனின் ஜேபஸ் அண்ணனைவிட நல்லவன், அதுதான் சிக்கல். எதிர்த்துப் பேச மாட்டான். சரிப்பா என்பான், பாத்துக்கிறேம்ப்பா என்பான், நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க என்பான். அப்பா ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தார், மருந்து தீனிப் பண்ணைக்காரனை இனி இந்தப் பக்கம் வராதே என்று அனுப்பிவிட்டேன் என்றார், பேர் தெரியாமல் எதையும் எழுதுவதில்லை என்றார், பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க் வாங்கிய பையன் சொல்கிற மாதிரி சொன்னார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை பெய்துகொண்டிருந்தது, மாடிப்படியின் கீழே நனையாமல் ஒடுங்கி நின்று கிதியோன் சரிப்பா சரிப்பா என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, அன்னிக்கி நான் கை நீட்டியிருக்கக் கூடாதுடா, வெளியாள் முன்னாடி, தப்புதான், மனசுல வெச்சுக்காத என்றார் அப்பா. ஜேபஸ் சொன்னான், பரவால்லப்பா. பரவாயில்லை என்று சொல்ல நீ யார். அண்ணனுக்கு வந்த மன்னிப்பு அது, பக்கத்து வீட்டுக்கு வந்த கொரியரைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி இப்போது கிதியோனிடம் இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியாது, பிரித்துப் பார்த்துவிட்டதால் திருப்பி அனுப்பவும் முடியாது. அதிலிருந்து தூக்கத்தில்கூட யாரோ பெல் அடிக்கிறார்கள். இன்றைக்கு நாலு மணிக்கு மாட்டினால் என்ன ஆகும். அப்பா அடிப்பார், அடிக்கட்டும், அடி ஒன்றும் புதிது இல்லை. அடிக்காவிட்டால். அடிக்காமல் அந்த மூச்சை மறுபடி உள்ளே இழுத்தால், இழுத்தது வெளியே வராவிட்டால். ஒரு தடவை போன மகன் இரண்டாவது தடவையும் போவான், இந்த முறை பெங்களூருக்கு இல்லை, எங்கேயுமே இல்லாமல் போவான், அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளையும் கையோடு தூக்கிக்கொண்டு. ஆகவே மீனே, ஐயா, எசமான், மகாராசா, நீ யார்.

மணி மூன்றே முக்கால். அம்மா சபையில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். கிதியோன் போனைப் பார்த்தான், அதில் அண்ணனின் உண்மையான நம்பர் இருக்கிறது, அதற்குக் கீழேயே இரண்டாவது சிம், அப்பா போனில் ‘ஜேபஸ் புதுசு’ என்று அவரே தடவித் தடவி ஏற்றிக்கொண்ட நம்பர். அண்ணனைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவான். எதுக்கு என்று கேட்பான். சும்மா, ஃபிரெண்டு வீட்ல இருக்கு என்று சொல்லலாம். சொல்லலாம், சொன்னால் நம்ப மாட்டான், நம்பாவிட்டால் என்ன, மீனைப் பற்றிக் கேட்டால் அவனால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது, அது அவனுக்கு அரிப்பு. விரல் அழுத்திவிட்டது.

ஹா, சொல்லு என்றது போன். கிதியோன் போனைக் காதிலிருந்து எடுத்து நம்பரைப் பார்த்தான். இது யார். குரல் கரகரத்து, வேகமாக, பின்னால் வண்டிகளின் ஹாரன், பேச்சில் எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட ஒரு பெங்களூர் இழுப்பு. அவன் ஞாயிறுதோறும் தொண்டையில் வைத்துப் பாலூட்டி வளர்த்த அண்ணன் இப்படிப் பேச மாட்டான். அண்ணா, ஒரு மீனு என்று ஆரம்பித்தான், ஃபிரெண்டு வீட்டில் என்றான், பொட்டு, பட்டை, சாம்பல் என்று தெரிந்ததையெல்லாம் கொட்டினான். அண்ணன் நடுவில் வெட்டினான், பட்டையை விடு, சாம்பலை விடு, வயிற்றுக்குக் கீழே வாலுக்கு முன்னால் ஒரு துடுப்பு இருக்குமே, அதில் மஞ்சளாக முட்டை மாதிரி புள்ளி இருக்கிறதா என்றான். இருந்தது, வெளிறிய இரண்டு மூன்று புள்ளிகள், இவ்வளவு நேரம் கண்ணில் படவே இல்லை. அப்ப ஜிலேபி இல்ல என்றான் அண்ணன், டார்ச் அடி, மேலேருந்து அடிக்காத, பக்கத்துல சாய்ச்சு அடி, மூஞ்சில நெழல் விழணும். டார்ச்சும் போனில்தான் இருக்கிறது, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் போனைக் கண்ணாடியில் சாய்த்துப் பிடித்தான், மீன் வெளிச்சத்தைப் பார்த்து மிரண்டு, முதல் தடவையாக, தானாகவே, முகத்தை அவன் பக்கம் திருப்பியது.

“கண்ணுக்குக் கீழ, கன்னத்துல பாரு. குழி குழியா இருக்கா?”

இருந்தது. கண்ணுக்கு அடியிலிருந்து தாடை வரை, யாரோ ஊசியின் பின்பக்கத்தால் அழுத்தி வைத்த மாதிரி வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நிழல். மணலுக்குள் புழு நகருகிற அசைவை அது அந்தக் குழிகளால்தான் கேட்கும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான், பயந்தாலும் சரி, பசித்தாலும் சரி, நிறம் வரும் போகும், அந்தக் குழி மட்டும் போகாது என்றான், முகமெல்லாம் காதா உனக்கு என்று கிதியோன் மீனைப் பார்த்து வாய் பிளந்து நின்றான், அந்தச் சந்தோஷத்தில் குறட்டை நின்றுபோனதைக் கவனிக்கவில்லை.

அப்பா பின்னால் நின்றார். கன்னத்தில் நாற்காலிப் பின்னலின் தடம். யாருடா என்றார். ஃபிரெண்டு என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது, அந்த நாக்கு எதற்குத்தான் தயாராக இல்லாமல் இருந்திருக்கிறது, ஆனால் அண்ணன் என்று சொன்னது. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், தன் சட்டைப் பையில் சும்மா இருந்த போனைத் தொட்டுப் பார்த்தார், பிறகு கிதியோனின் கையிலிருந்த போனை வாங்கி, எரிகிற டார்ச்சோடு, வாய்க்கு எதிரே பிடித்துக்கொண்டார். இன்னிக்கி சீக்கிரமா பண்ணிட்டியே என்றார், ஞாயிற்றுக்கிழமைக் குரலில், குழைந்து. போன வாரம் சொன்னியே, முதுகு வலி எப்படி இருக்குது, தைலம் தேச்சியா என்றார்.

யாருக்கு முதுகு வலி என்றது போன்.

அப்பா போனைத் திருப்பிப் பார்த்தார். யாரு பேசுறது என்றார். ஜேபஸ் என்றது. அப்பாவின் புருவம் மெல்ல ஏறியது, வீட்டில் எது தொலைந்தாலும் எந்தக் குரல் கேட்டாலும் முதலில் கிதியோன் பக்கம் திரும்புகிற அதே பார்வை திரும்பியது.

“டேய். எவன வெச்சுடா வெளையாடுற? எம்புள்ள பேச்சு எனக்குத் தெரியாதா?”

கிதியோன் வாயைத் திறந்தான், உள்ளே ஒருத்தரும் இல்லை, ரேஷன் கடைக்காரர் இல்லை, பாஸ்டர் இல்லை, கடைசியில் கைகொடுக்கிற குக்கர்கூட இல்லை. வெச்சிடுவான், அண்ணன் இப்போது வைத்துவிடுவான், அத்தோடு முடிந்தது. அண்ணன் வைக்கவில்லை. அது உங்க கடையிலயா இருக்கு, தொட்டில தனியாவா விட்டிருக்கீங்க என்று கேட்டான், குரல் கல் மாதிரி, ஆனால் மீனைப் பற்றிய கேள்வி. தனியாகத்தான் என்றார் அப்பா, சந்தேகத்தோடு, நீ யாரா வேணா இரு, என்ன மீனுன்னு சொல்லு பாப்போம். பீக்காக் என்றது போன், ஆம்பள, பெருசுங்க நடுவுல அடி வாங்கி நெறம் ஏறாமக் கெடந்திருக்கு, தனியா இருந்தா ஏறும். எந்த பீக்காக் என்றார் அப்பா, சந்தேகத்தைப் பாதி மறந்து, ஜேபஸ் சொல்லிவிடுவான் என்கிற தைரியத்தில் மார்க்கரை வெளியே எடுத்தார். தெரியாது என்றது போன்.

“தெரியாதா? ஒனக்கா?”

“எவனுக்கும் தெரியாது. நெறம் வர்றதுக்கு முன்னாடி சொல்றவன் பொய் சொல்றான். பீக்காக், மத்தது தெரியாதுன்னு எழுதுங்க.”

தெரியாதுன்னு போர்டு வெச்சா எவன்டா வாங்குவான் என்றார் அப்பா. வாங்கலன்னா விக்காதீங்க என்றது போன். விக்காம, காலையும் மாலையும் முன்னாடி உக்காந்து பாட்டுப் பாடவா என்று அப்பா குரலை உயர்த்தினார், நீங்க பாடினா அது செத்துடும் என்றது போன், நாக்க அடக்கிப் பேசுடா என்று அப்பா கத்தினார், பக்கத்துத் தொட்டிகளில் மஞ்சள் மீன்கள் சிதறி மூலைக்கு ஓடின, கழுத்து நரம்பு புடைக்க, மார்க்கரைத் தொட்டி மூடியில் தட்டித் தட்டி, நான் பாத்த மீனு எத்தினி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இந்தத் தெருவுல என்று ஆரம்பித்தவர், பாதியில் நின்றுபோனார். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தடவைகூட அவர் இப்படிக் கத்தவில்லை, கத்த வேண்டி வரவில்லை. அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு கிதியோனைப் பார்த்தார், நெற்றியிலிருந்து மெதுவாக இறங்கி, தொண்டை வரைக்கும்.

உள்ளங்கையால் போனின் வாயைப் பொத்தினார்.

“அப்ப ஞாயித்துக்கெழம?”

இவ்வளவு சின்னக் குரலில் அப்பா பேசிக் கேட்டதில்லை. கிதியோன் கடைவாசலைப் பார்த்தான். மீனைப் பார்த்தான், அது பாட்டுக்கு வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

“நான்தாம்ப்பா.”

சலிப்பு சேர்க்காமல், இறுக்காமல், அடைக்காமல் வந்த அந்தக் குரல் யாருடையது என்று அவனுக்கே பிடிபடவில்லை, நடுவில் கொஞ்சம் கீறிக்கொண்டு வந்தது. அப்பா மூச்சை உள்ளே இழுத்தார். இதோ, இதற்குத்தான் பயந்தான், இழுத்தது எங்கே மாட்டப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கன்னத்தைக் கொடுத்து நின்றான். அடி விழவில்லை. அப்பாவின் உள்ளங்கைக்குள் அண்ணன் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தான், வெச்சிட்டாரா, டேய் கிதி, வெச்சிட்டாராடா. கண்ணைத் திறந்தபோது அப்பாவின் முகம் ரொம்பக் கிட்டத்தில் இருந்தது, சிவந்து, வெட்கப்பட்ட மாதிரி.

“நான் சொன்னதெல்லாம் அவங்கிட்ட சொல்லிக்கில்லி வெக்காத” என்றார். பிறகு, “அத நானே சொல்லிக்கிறேன்.”

கையை எடுத்தார். தொண்டையைச் செருமப் போனவர் செருமாமல் விட்டார். இருக்கேன்டா, எங்கயும் போவல என்றார் போனில், அதட்டலாகச் சொல்ல முயன்று பாதி வழியில் கைவிட்டு. பிறகு மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி தொட்டிக்கு முன்னால் மெல்லக் குனிந்தார்.

“கன்னத்துல குழின்னு சொல்லிக்கினு இருந்தியே. எங்கன்னு சொல்லு. மொதல்லேருந்து சொல்லு.”